கடையில் நிற்பவர் சம்பளமும் நாலு பேர் வீட்டுச் செலவும்

"துணியை எடுத்துப் போட்டு மடிச்சு வைக்கிற வேலைக்கு எதுக்குங்க இருபதாயிரம்?" மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறவர்களும் கேட்கிறார்கள், கடைக்காரர்களும் கேட்கிறார்கள். இதற்குக் கணக்கால் பதில் சொல்ல முடியும். அந்தக் கணக்கு போடும் முறை நம் நாட்டில் 1957-லேயே எழுதியாகிவிட்டது.

அந்த ஆண்டு கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலி என்பது வேலை செய்பவரின் குடும்பத்துக்கானது என்று முடிவு செய்தது. ஒரு சம்பாத்தியத்தில் மூன்று அலகு (அலகு என்பது வளர்ந்த ஒருவர் சாப்பிடும் அளவு; பிள்ளைகளுக்கு அதில் குறைவு) சாப்பிட வேண்டும்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. நாலு பேருக்கும் சேர்த்து வருடத்துக்கு 72 கெஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு, இதர செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், திருவிழா, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்கு மேலும் 25 சதவீதம் வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் ரெப்டகோஸ் பிரெட் கம்பெனி வழக்கில் சேர்த்தது.

இதை மதுரை விலைக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று அலகுக்கு மாதம் 2,43,000 கலோரி. அரிசி 45 கிலோ, பருப்பு 4 கிலோ, எண்ணெய் 4 லிட்டர், சர்க்கரை 2 கிலோ, பால் தினம் அரை லிட்டர் என்று வைத்தால் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடும். மீதியைக் காய்கறி, முட்டை, ஞாயிற்றுக்கிழமைக் கறி மீன் நிரப்பும். அரிசியில் 20 கிலோ ரேஷனில் இலவசம். பருப்பு 1 கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கேயே கிடைக்கும். மிச்சத்தை வெளியே வாங்கினால், எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் சாப்பாட்டுக்குச் சுமார் 7,200 ஆகிறது. செல்லூர், ஜெய்ஹிந்த்புரம், வில்லாபுரம் பக்கம் ஒரு ரூம், ஒரு அடுப்படி உள்ள வீட்டுக்கு 6,000 என்று வைப்போம். 72 கெஜம் என்பது சுமார் 66 மீட்டர். மீட்டர் 120 ரூபாய் என்றால் மாதத்துக்கு 660 ரூபாய். மூன்றும் சேர்ந்து 13,860. விறகு, விளக்குக்கான 20 போக இது 80 சதவீதம் என்றால் மொத்தம் சுமார் 17,300. கோர்ட் சொன்னதை இளக்கமாக எடுத்துக்கொண்டு, மேலே கால் பங்கு மட்டும் கூட்டினாலும் 21,600 வந்துவிடுகிறது.

இதில் ரேஷன் கழிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். இலவச அரிசி, மகளிர் உரிமைத்தொகை 1,000, பள்ளியில் காலைச் சாப்பாடு, பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் எல்லாம் ஏழைக் குடும்பத்தைத் தாங்கத்தான் வந்தன. கூடவே, கடை கொடுக்காத சம்பளத்தில் ஒரு பகுதியையும் அரசு கட்டிக்கொண்டிருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் புறநகர் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்த இலவசப் பயணமும் கிடையாது.

கடை வாசலில் தொங்கும் 'ஆட்கள் தேவை' அட்டையில் 12,000 போட்டிருக்கிறது என்று வையுங்கள். காலை ஒன்பதரைக்கு வந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் விடுவார்கள். சாப்பாட்டு நேரம் ஒரு மணி போனால் 11 மணி நேர வேலை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான். அதற்கு மேல் ஓவர்டைம் சேர்த்தும் 10 மணியைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 54. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. 12,000-ஐ 26 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்தால் மணிக்கு 57 ரூபாய் 70 காசு; இரட்டிப்பாக 115 ரூபாய் 40 காசு. தினம் 3 மணி, 26 நாள் என்றால் சரியாக 9,000. சம்பளம் எதுவானாலும் இந்த மூன்று மணி நேரம் அதில் முக்கால் பங்குக்குச் சமம்.

12,000-உம் 9,000-உம் சேர்ந்தால் 21,000. குடும்பம் நடத்தத் தேவையான தொகைக்கு 600 ரூபாய்தான் குறைவு. குடும்பச் சம்பளம் கேட்பதைத் தர்மம் கேட்பதுபோல் பேசுகிறோம். ஏறக்குறைய அந்தக் காசுக்கான வேலையை அவர் ஏற்கெனவே நின்று செய்து முடித்துவிட்டார். ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் கூட்டம் இதில் சேரவில்லை. பதினொன்றாவது மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி கொடுத்தாலும் அது சட்டப்படி தவறுதான். நேரத்தை 8 மணிக்குக் குறைத்துவிட்டு 12,000-லேயே நிறுத்துவதும் தீர்வாகாது, வீட்டு வாடகை குறையப்போவதில்லையே.

'தொழில் தெரியாத வேலை' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முடிச்சுச் சுங்குடிக்கும் அச்சுச் சுங்குடிக்கும் வித்தியாசம் தொட்டுச் சொல்ல வேண்டும். பட்டுச்சேலையை அவ்வப்போது பிரித்து மடிப்பை மாற்றி வைக்காவிட்டால் மடிப்பு ஓரத்தில் சரிகை ஒடியும், அந்தப் பீஸ் தள்ளுபடிக்குத்தான் போகும். முகூர்த்தச் சேலை எடுக்கப் பத்துப் பேர் வந்தால், முடிவு சொல்லப்போவது யார் என்று முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ள வேண்டும். கடையின் வியாபாரமே அந்தக் கண்ணில்தான் இருக்கிறது.

எல்லாக் கடையாலும் கொடுக்க முடியுமா? முடியாது. தெருமுனை மளிகைக்கடையில் நாளுக்கு 8,000 வியாபாரம், பத்து சதவீத லாபம் என்றால் மாதம் 26 நாளில் கையில் நிற்பது 20,800. அதில் ஓர் ஆளுக்கு 21,600 கொடுக்கச் சொல்வது அநியாயம். முதலாளிக்கே அந்தக் குடும்பச் சம்பளம் கிடைக்கவில்லை. நாலு மாடி, லிஃப்ட், ஏ.சி. வைத்த ஜவுளிக்கடையின் கதை வேறு. ஒருவர் நாளுக்கு 5,000 ரூபாய்க்கு விற்றால் மாதம் 1,30,000. அவருக்கு 9,600 கூட்டினால் விற்பனையில் ஏழரை சதவீதத்துக்கும் குறைவு. பண்டிகைத் தள்ளுபடியில் அதைவிட அதிகமாக விட்டுக்கொடுக்கிறார்கள்.

1957 கணக்கில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. மனைவியின் சம்பாத்தியத்தைச் சேர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. சம்பாதிப்பவர் ஆண் என்றே வைத்து எழுதியது. நம் ஊர்ச் சேலைக் கவுண்டர்களில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் அவர்களில் நிறைய. 'வீட்டுக்கு உதவியாக வரும் சம்பளம்' என்று சொல்லியே அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள்.

சம்பளம் கூடும்போது ஒரு சிக்கல் வரும். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டின் சம்பள வரம்பு 2017-லிருந்து 21,000-த்திலேயே நிற்கிறது. அதைத் தாண்டினால், நடப்பு அரையாண்டோடு சந்தா நின்று, பிறகு சில மாதத்தில் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசல் அடைபடும். ஓவர்டைம் பணம் வரம்புக் கணக்கில் சேராது. ஆகவே ஓவர்டைமைச் சம்பளச் சீட்டில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டில் அபராதத்தையும் பாருங்கள். மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் அபராதம் பிடிக்கக் கூடாது. 12,000-த்தில் 360 ரூபாய். பி.எஃப். பிடித்தது கணக்கில் ஏறியதா என்று பதிவு செய்த எண்ணிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வரும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்க 3 ஆண்டு அவகாசம் உண்டு.

பலர் தோற்பது சாட்சியம் இல்லாமல்தான். கடைப் பதிவேட்டில் 8 மணி நேரம் என்றே எழுதியிருக்கும். ஒரு 40 பக்க நோட்டில் தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அன்று எந்த செக்ஷன் என்று எழுதி வாருங்கள். பஸ் டிக்கெட் இருந்தால் அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். டிக்கெட்டில் அச்சாகும் நேரத்தைக் கடையில் யாரும் மாற்ற முடியாது. மை சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் அன்றைக்கே செல்போனில் படமும் எடுத்து வையுங்கள்.