எந்தப் பரலோகம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். சம்பளப் பிரிவில் நாள் முழுக்க ஒரே கேள்விதான்: யாருக்கு எவ்வளவு சேர வேண்டும்? மஸ்டரை, அதாவது வருகைப் பதிவேட்டைப் பார்த்து நாள் எண்ணுவோம். ஓவர்டைம் செய்தவருக்கு இரட்டைக் கூலி. லீவு தீர்ந்தவருக்கு எல்.ஓ.பி., அதாவது வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. பி.எஃப்.புக்கு 12 சதவீதம் பிடித்தம். டெய்லர் அக்கா ஒருவர் கவுண்டரில் வந்து நின்று, பையனுக்குக் காய்ச்சல் அதனால்தான் வரவில்லை என்று கண் கலங்கச் சொன்னாலும், பஞ்ச் விழாத நாளுக்குச் சம்பளம் போட எனக்கு அதிகாரம் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில்தான், தகுதி பார்க்காமல் தேவன் இலவசமாகத் தரும் கிருபையைப் பற்றி என் வாழ்க்கையின் ஆழமான பேச்சுகளைக் கேட்டேன். எந்தக் கன்வென்ஷன் பந்தலிலும் அந்த அளவுக்குக் கேட்டதில்லை.

நான் சி.எஸ்.ஐ. குடும்பம், வளர்ந்தது வேப்பேரி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபப்ரீஷியஸ் ஐயர் இருந்துகொண்டு வேதத்தைத் தமிழாக்கிய இடம் அது. அவர் ஜெர்மனியிலிருந்து வந்த லூத்தரன் மிஷனரி. 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்' என்ற எபேசியர் வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் இருந்த பிரதர் பெந்தெகொஸ்தே சபைக்காரர். மதியச் சாப்பாட்டில் பாதி நேரம் அவருக்கு ஊழியத்துக்குத்தான். எங்கள் மேலாளர் திருவல்லிக்கேணிக்காரர், நெற்றியில் திருமண் இல்லாமல் அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. இந்தக் கூட்டத்துக்குள் ஒரு தம்பி புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்.

முதல் நாளே அவரை எல்லோரும் கவனித்ததற்குக் காரணம் டீ. பதினொரு மணிக்கு எவர்சில்வர் தூக்கில் டீ வரும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அங்கே மனுஷர்கள் ஒருவரோடொருவர் பேசுவார்கள். தம்பி பேப்பர் கப்பை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். காபியும் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, சபை ஒழுங்கு என்றார். எந்தச் சபை? 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று முழுப் பெயரையும் சொன்னார். மார்மன் என்றால்தான் ஊருக்குப் புரியும், ஆனால் அந்தப் பெயர் வேண்டாமென்று அவர்களுடைய அன்றைய தலைவர் ரசல் நெல்சன் 2018-இல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரதருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் நேராகக் கேட்டார்.

"தம்பி, இன்னிக்கு ராத்திரியே நீ செத்துப்போனா பரலோகம் போவேன்னு நிச்சயம் இருக்கா?"

தம்பி தயிர் சாதத்தை மூடி வைத்துவிட்டு, "எந்தப் பரலோகம் பிரதர்?" என்றார்.

மழுப்புகிறார் என்றுதான் பிரதர் நினைத்தார். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது நேர்மையான பதில். அவர்கள் போதனையில் உயிர்த்தெழுதல் மனுஷர் எல்லோருக்கும் இலவசம்; கிறிஸ்து மரித்து எழுந்ததால் நல்லவன் கெட்டவன் வித்தியாசமில்லாமல் கிடைப்பது. அதற்கு மேல் மகிமையின் ராஜ்யங்கள் மூன்று, மேலிருந்து கீழாக: செலஸ்டியல், டெரஸ்ட்ரியல், டெலஸ்டியல். 1832-இல் அவர்கள் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் கண்டதாகச் சொல்லும் தரிசனத்திலிருந்து வருவது இது. மிகச் சிலரைத் தவிர எல்லோருக்கும் இந்த மூன்றில் ஒன்று உண்டு. நாம் நரகம் என்று நினைக்கிறவர்களில் பலருக்குக்கூடக் கடைசியில் ஒரு மகிமை. பிதாவோடும் குடும்பத்தோடும் என்றென்றைக்கும் வாழும் மேன்மை மட்டும் வேறு. அதற்கு விசுவாசம், மனந்திரும்புதல், முழுக்கு ஞானஸ்நானம், பரிசுத்த ஆவியின் வரம், ஆலயத்தில் செய்யும் உடன்படிக்கைகள், அவற்றைக் கடைசிவரை காத்தல் எல்லாம் வேண்டும்.

பிரதர் விடவில்லை. "அப்போ கிரியைதானே? கிரியையினால ரட்சிப்புன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

கிரியை என்றால் நாமே செய்யும் செயல். இந்தக் குற்றச்சாட்டை எங்கள் சபைகளில் நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, பைபிளோடு அவர்கள் வேதமாகக் கொள்ளும் மார்மன் புத்தகத்தில் 2 நேபி என்ற பகுதியின் 25:23. நம்மால் ஆனதெல்லாம் செய்த பின்பு கிருபையினால் இரட்சிக்கப்படுகிறோம் என்பது அதன் சாரம். இதைக் கேட்டால் நமக்குத் தோன்றுவது, முதலில் நம் பங்கைக் கட்ட வேண்டும், மீதியைக் கிறிஸ்து போடுவார் என்பதுதான். தம்பி அதே புத்தகத்தில் 2 நேபி 10:24-ஐத் திறந்து காட்டினார். கிருபையினால் மாத்திரமே இரட்சிப்பு என்று அங்கே இருக்கிறது. அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான டீட்டர் உக்டார்ஃப் 2015 ஏப்ரலில் பேசியபோது, கீழ்ப்படிதலைக் கொடுத்து இரட்சிப்பை வாங்க முடியாது, அது தேவகுமாரனின் இரத்தத்தால் வாங்கப்பட்டது என்று சொல்லியிருக்கிறார். ஆகவே, 'மார்மன்கள் பரலோகத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நியாயமில்லை. ஒருவர் நம்பாததை அவர் நம்புகிறார் என்று சொல்வது பொய்சாட்சி, அது யாரைப் பற்றியதாக இருந்தாலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பி மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, அந்தப் பணத்தை ஏழைகளுக்கென்று சபையில் கொடுப்பார். சம்பளத்தில் பத்தில் ஒன்று தசமபாகம். கிருபை மாத்திரமே என்று மேசையைத் தட்டிப் பேசிய பிரதரும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போவார், சம்பளம் ஏறியதும் முதல் வேலையாகத் தசமபாகத்தை எடுத்து வைப்பார். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு யார் கிருபைக்காரர், யார் கிரியைக்காரர் என்று சொல்லவே முடியாது. கிருபை கிருபை என்று பாடி முடித்த பத்தாவது நிமிஷத்தில், காணிக்கையில் குறை வைத்தால் வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்று பிரசங்கம் செய்கிறவர்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஜனங்களைப் பயத்தில் வைத்திருக்க மார்மன் புத்தகம் தேவைப்படவில்லை, தசமபாகத்தைக் கேட்கும் பழைய ஏற்பாட்டு மல்கியாவே போதுமானதாக இருந்தது. அது எனக்கு ஆறாத வருத்தம்.

புதிய ஏற்பாட்டில் நிருபங்கள் எழுதிய யாக்கோபும் பவுலும் எங்கள் மேசைக்கு வந்தது தனிக்கதை. 'கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது' என்பது தம்பிக்குப் பிடித்த வசனம். அது லூத்தரன் சபைகளுக்கு மூலவரான மார்ட்டின் லூத்தருக்கே உறுத்திய இடம். 1522-இல் எழுதிய முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். அப்புறம் நானூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டுவிட்டு, 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் நீதிமானாக்கப்படுதலை, அதாவது பாவியைத் தேவன் நீதிமானாக ஏற்பதைப் பற்றி ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். எங்கள் தகுதியால் அல்ல, கிருபையினால் மட்டுமே என்று இரு தரப்பும் சேர்ந்து சொல்ல முடிந்தது. அப்படியானால் மார்மன்களோடும் ஒருநாள் சொல்லலாமே என்று எனக்கு ஆசை வந்ததுண்டு.

அந்த ஆசையில் இருக்கும் சிக்கலை எனக்குக் காட்டியவர் எங்கள் மேலாளர். ஒருநாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இது எங்காத்துச் சண்டைதாம்மா" என்றார். வைணவத்தில் வடகலை, தென்கலை. குரங்குக் குட்டி தாயைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலையின் வேதாந்த தேசிகர் வழி முன்னது, தென்கலையின் பிள்ளை லோகாசாரியர் வழி பின்னது. நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு தலையாட்டினோம். ஆனால் வீட்டுக்குப் போகும் ரயிலில் யோசித்தபோது, அது எங்கள் வழக்குக்கு முழுசாகப் பொருந்தவில்லை என்று பட்டது. குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும் போய்ச் சேருகிற வைகுண்டம் ஒன்றுதான். தம்பிக்கும் எனக்கும் போய்ச் சேரும் இடமே வேறு வேறாக இருந்தது. பிதாவுக்குச் சரீரம் உண்டு, பிதாவும் குமாரனும் தனித்தனி ஆள்கள், மனுஷர் தேவனைப் போல ஆக முடியும் என்பதெல்லாம் அவர்கள் உபதேசம். இலவசம் எவ்வளவு, கிரியை எவ்வளவு என்று அளப்பதற்கு முன், எதற்காக என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 'எந்தப் பரலோகம்?' என்று தம்பி அன்று சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான் சரியான கேள்வி.

பிறகு தம்பியின் ஆயா இறந்துபோனார். வியாசர்பாடியில் வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டு அவரை வளர்த்தவர். ஆடி மாதம் அங்காளம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் இருந்ததில்லை. சபைக்கு ஒருநாளும் வந்ததில்லை. துக்கம் முடிந்து தம்பி வேலைக்கு வந்த அன்று பிரதர் அவர் தோளில் கை வைத்து, "கர்த்தர் ஆறுதல் தருவார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல அவரால் முடியவில்லை. அவர் நம்புகிறபடி பார்த்தால் அந்த ஆயா எங்கே போயிருப்பார் என்பது இருவருக்குமே தெரியும். அன்று பிரதர் சாப்பிடவில்லை என்பதையும் நான் பார்த்தேன்.

மாலையில் பே-ஸ்லிப்புகளைத் துறைவாரியாகப் பிரித்துக்கொண்டே தம்பி என்னிடம் பேசினார். ஆயாவின் பெயர், பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறாராம். அவருக்காக ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறார்கள். ஆயா பெண் என்பதால் சபையில் ஒரு சிஸ்டர் அவர் பெயரில் முழுகி எழுவார். பெங்களூரில் ஆலயம் கட்டப்போவதாக 2018-இல் அறிவித்திருந்தார்கள், ஆனால் அன்றைக்கு இதற்காக வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. 1 கொரிந்தியர் 15:29-இல் மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் என்று பவுல் சொல்வதை ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

நான் அதுவரை இதைத்தான் கிரியைகளின் உச்சம் என்று நினைத்திருந்தேன். செத்துப்போன ஆத்துமாகூட உலகத்தில் ஒரு சடங்கு நடக்கக் காத்துக்கிடக்க வேண்டுமா? தம்பி சொன்னது வேறு.

"ஆயாவால இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுக்கா. அவங்களுக்காக வேற ஒருத்தர் செய்றாங்க. ஏத்துக்கறதும் வேணாம்னு சொல்றதும் அவங்க இஷ்டம். இது கிருபை இல்லேன்னா வேற எதுக்கா கிருபை?"

அந்தத் துக்கத்தில் அவரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை. பல வாரம் கழித்து அவரே கேட்டபோது சொன்னேன். எனக்காக வேறொருவர் செய்ய வேண்டியதை ஒருவர் சிலுவையில் செய்து முடித்துவிட்டார் என்று நம்புகிறேன். பக்கத்தில் தொங்கிய கள்ளன் முழுகவில்லை, உடன்படிக்கை செய்யவில்லை, ஒரு நாள்கூட நல்லவனாக வாழ்ந்து காட்டவில்லை. 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்ற வார்த்தை அவனுக்குக் கிடைத்தது. உங்கள் ஆயாவை அந்த இரக்கத்தின் கையில்தான் விடுகிறேன் என்றேன். தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பரதீசு என்பது ஆவிகள் உயிர்த்தெழுதலுக்குக் காத்திருக்கும் இடம், செலஸ்டியல் ராஜ்யம் அது இல்லை என்றார். மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றோம்.

அவர் சபைக்காரர்கள் இந்த ஊருக்குப் புதியவர்களும் இல்லை. ரிச்சர்டு பாலன்டைன் என்ற மார்மன் ஊழியர் 1853-இல் மெட்ராஸில் வந்து இறங்கிப் பிரசங்கித்துவிட்டு அடுத்த வருஷம் திரும்பிப்போனார். இதைத் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தம்பி இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறார். போகும்போது மார்மன் புத்தகத்தில் மோரோனி 10-ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொன்னார்; நான் பவுல் எழுதிய ரோமர் 4-ஐப் படிக்கச் சொன்னேன். இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மோரோனி 10:32 கிறிஸ்துவினிடத்தில் வாருங்கள், அவரில் பூரணப்படுங்கள் என்று அழகாக அழைக்கிறது. அதே வசனம், எல்லா அவபக்தியையும் விட்டு, முழு பலத்தோடு தேவனிடத்தில் அன்புகூர்ந்தால் அப்போது அவருடைய கிருபை போதும் என்று தொடர்கிறது. ரோமர் 4:4 என் வேலையைப் பற்றியே பேசுகிறது: கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையாக எண்ணப்படாமல் கடனாக எண்ணப்படும். அடுத்த வசனத்தில் தேவன் 'பாவியை நீதிமானாக்குகிறவர்'. அவபக்தியை இன்னும் விடாதவன், அன்புகூர இன்னும் தெரியாதவன், அவனைத்தான் அவர் நீதிமானாக்குகிறார் என்று படிக்கிறேன். இந்த இரண்டு வசனங்களையும் எழுதி, மனுஷன் மாறுவதா, கிருபையா, இதில் எது முதலில் வருகிறது என்று கேட்டுத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.