எரிந்த அரண்மனையும் பழைய ஓவியங்களும்

மருந்து ஆலைகளில், நீராவியால் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசர் போன்ற இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. வேலிடேஷன் என்பார்கள். நீராவி 121 டிகிரியைத் தொட்டதா, உள்ளே எல்லா மூலையிலும் அதே சூடு நின்றதா என்று சென்சார் வைத்து அளந்து, அளந்ததை ஒன்று விடாமல் எழுதவேண்டும். பதிவு இல்லையென்றால் அந்த வேலை நடக்கவே இல்லை என்றுதான் எங்கள் துறையில் கணக்கு.

டென்மார்க்கில் ஹில்லரோட் என்ற ஊருக்கு அப்படி ஒரு வேலையாகப் போயிருந்தேன். கோபன்ஹேகனிலிருந்து மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு நாள் காலை, சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே நீராவி வால்வு ஒன்று மக்கர் செய்தது. மாற்று வால்வு மறுநாள்தான் வரும் என்றார்கள். கூட வேலை பார்த்த டேனிஷ் பெண்மணி, "ஹோட்டல் அறையில் போய் உட்காராதீர்கள், அரண்மனைக்குப் போங்கள்" என்று சொல்லி வழியும் காட்டினார்.

ஊர்ச் சதுக்கத்துக்கு வந்தாலே ஏரிக்கு அக்கரையில் ஃபிரெடரிக்ஸ்போர்க் அரண்மனை தெரிகிறது. மூன்று சிறு தீவுகளின் மேல் செங்கல் சுவர்கள், மணற்கல் வேலைப்பாடு, பச்சை பூத்த செம்புக் கோபுரங்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கட்டியவர் நான்காம் கிறிஸ்டியன். தரங்கம்பாடியில் 1620இல் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்ததும் இதே அரசர் காலத்தில்தான்.

உள்ளே போய் மாவீரர் மண்டபத்தின் செதுக்கு வேலைகளை அண்ணாந்து பார்த்தபோது எல்லாமே நானூறு வருஷப் பழசு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தீ விபத்தைப் பற்றிப் படித்தேன். 1859 டிசம்பரில், கடுங்குளிர் இரவில், அரண்மனை பற்றி எரிந்திருக்கிறது. சுற்றிலும் ஏரி இருந்தும் அது உறைந்து கிடந்ததால் தண்ணீர் எடுக்க முடியவில்லை. தேவாலயம் பெருமளவு தப்பியது. பிரதான கட்டடத்தின் உட்புறம் போயே போய்விட்டது.

அப்படியென்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது எது? அதற்கான பதில் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. ஹைன்ரிக் ஹான்சன் என்ற ஓவியர், தீக்கு முன்பே அந்த உள்ளறைகளை வரைந்து வைத்திருந்தார். அந்த ஓவியங்களையும் பழைய வரைபடங்களையும் வைத்துத்தான், கட்டடக் கலைஞர் ஃபெர்டினாண்ட் மெல்டாலின் தலைமையில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். எந்தத் தூணில் என்ன நிறம், எந்த வளைவில் என்ன பூ என்று ஒருவர் பொறுமையாகப் பார்த்து வரைந்திருக்காவிட்டால், எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த மண்டபம் திரும்பியிருக்காது. நாங்கள் பதிவுகளைச் சரிபார்க்க வரும் ஆடிட்டருக்குப் பயந்து எழுதுகிறோம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் அந்தப் பயத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். எல்லாம் எரிந்தபின் கையைப் பிசைந்துகொண்டு நிற்கப்போகும் யாரோ ஒருவருக்காக எழுதுகிறோம் என்று எனக்கு எவரும் சொன்னதில்லை.

பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையை நிறுவிய யே. சி. யாகோப்சன். 1878இல் இங்கே தேசிய வரலாற்று அருங்காட்சியகம் அமையக் காரணமும் அவர்தான். அதே மனிதர் 1875இல் தொடங்கிய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில்தான், 1909இல் வேதியியலாளர் சோரன்சன், அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவுகோலை உருவாக்கினார். நாங்கள் தினமும் பிஎச் மீட்டரைத் தொடாமல் வேலை பார்ப்பதில்லை. அந்த அளவுகோலுக்கும் இந்த மண்டபத்துக்கும் ஒரே கை உதவியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

தேவாலயத்தின் மாடச் சுவர்களில், டென்மார்க்கின் மிக உயர்ந்த விருதான யானை விருது பெற்றவர்களின் கேடயங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. இயற்பியலாளர் நீல்ஸ் போருடையதும் உண்டு. அதில் அவர் தேர்ந்தெடுத்த சின்னம் சீனத்து யின்-யாங் வட்டம். மன்னர்களின் சிங்கங்களுக்கும் கிரீடங்களுக்கும் நடுவே அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. பார்த்தே தீரவேண்டிய ஒன்று.

வெளியே வந்து தோட்டத்துக்கு நடந்தேன். அனுமதிச் சீட்டு கிடையாது. ஊர்க்காரர்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு உலாவுகிறார்கள். யோஹான் கொர்னேலியஸ் க்ரீகர் 1720களில் பரோக் என்ற ஐரோப்பியப் பாணியில் அமைத்த தோட்டம் இது. பராமரிப்பு இல்லாமல் காலப்போக்கில் அழிந்துபோனதை மீட்டெடுத்து 1996இல் திறந்தார்கள். சரிவில் படிப்படியாக இறங்கும் நீர், அதன் இருபுறமும் வெட்டிச் சீராக்கிய வேலிகள். தாழ்வாகக் கத்தரித்த செடிகளாலேயே அரச முத்திரை எழுத்துகளை வரைந்திருக்கிறார்கள். மூன்று பழைய மன்னர்களோடு, மீட்பு நடந்த காலத்தில் ஆட்சியில் இருந்த இரண்டாம் மார்கிரெதேயின் முத்திரையையும் சேர்த்திருக்கிறார்கள். எது பழையது, எது நாம் சேர்த்தது என்பதை மறைக்காமல் தோட்டத்திலேயே காட்டிவிட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

முன்முற்றத்து நெப்டியூன் நீரூற்றும் நகல்தான். ஆட்ரியன் டி வ்ரீஸ் வார்த்த அசல் வெண்கலச் சிலைகளை 1659இல் சுவீடன் படை தூக்கிப்போனது. அவை இன்றும் அங்கே ட்ரோட்னிங்ஹோம் அரண்மனையில் இருக்கின்றன.

மறுநாள் வால்வு வந்தது. மாட்டி, சோதனையை முதலிலிருந்து ஓட்டினோம். அறிக்கையில் எண்களோடு நிறுத்தாமல், பழைய வால்வு இருந்த நிலை, நீர் தேங்காமல் வடியக் குழாய்க்குக் கொடுத்த சாய்வு, சென்சார் கம்பி நுழையும் இடம் எல்லாவற்றையும் கையால் படம் போட்டு இணைத்தேன். படிவத்தில் அதற்கு இடமில்லை. தனி இணைப்பாக வைத்துக் கையெழுத்திட்டோம். இப்போது எந்த ஆலைக்குப் போனாலும் அந்த இணைப்பு இல்லாமல் நான் அறிக்கையை மூடுவதில்லை.