துடைத்தெறிந்த புள்ளிகள்

தோல் நோய்ப் பிரிவில் படமெடுக்கும் வேலைக்கு வந்தபோது, கேமரா இருந்தால் அளவு தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதுவரை டாக்டர்கள் வெண்புள்ளியைக் கையால்தான் கணக்கிட்டார்கள். விரல்களோடு சேர்ந்த நோயாளியின் உள்ளங்கை, அவர் உடம்புத் தோலில் ஏறத்தாழ 1 சதவீதம். முதுகில் இரண்டு கை, முழங்காலில் அரைக் கை என்று எண்ணி, நிறம் எவ்வளவு போயிருக்கிறது என்பதை 10, 25, 50, 75, 90, 100 என்று கண்ணால் மதித்துப் பெருக்குவார்கள். 2004-இல் வந்த இந்த முறைக்கு ‘வாசி’ என்று பெயர் (தமிழ்ப் பெயர் மாதிரி இருந்தாலும் Vitiligo Area Scoring Index என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான்). மருந்துச் சோதனைகளில் இன்றும் இது புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஒரே முதுகை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு கணக்கு வரும்.

என் வேலை அந்தச் சண்டையைத் தீர்ப்பது. புள்ளிக்குப் பக்கத்தில் சென்டிமீட்டர் ஸ்டிக்கர் ஒட்டிப் படமெடுக்க வேண்டும். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று சொல்லிக்கொடுத்து, ஓரத்தைச் சுற்றி வரைந்தால் பரப்பு வந்துவிடும்.

ஆரம்பத்தில் ஸ்டிக்கர் எதற்கு என்று அலட்சியமாக இருந்தேன். கேமராவுக்கும் தோலுக்கும் 30 செ.மீ. தூரம்தானே, கண்மதிப்பே போதும். ஒருவருடைய கைப் புள்ளி ஒரே மாதத்தில் 17 சதவீதம் சுருங்கியிருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம், வந்தவருக்கு அதைவிடச் சந்தோஷம். சாயங்காலம் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த மச்சமும் அதே அளவு சுருங்கியிருந்தது! இரண்டாம் தடவை 33 செ.மீ. தள்ளி நின்றிருக்கிறேன். நீளத்தில் 9 சதவீதம் குறைந்தாலே பரப்பில் 17 போய்விடும். அவருக்குப் போன் செய்து சொன்னது டாக்டர்தான்; எனக்குத் தைரியம் வரவில்லை.

குழந்தைகளிடம் கதை தலைகீழ். பிள்ளை வளர வளர, பரவாத புள்ளியும் உடம்போடு சேர்ந்து பெரிதாகும். சதுர சென்டிமீட்டரை மட்டும் பார்த்தால் அம்மாவைப் பயமுறுத்திவிடுவோம்.

சிவப்பான ஆட்களின் தோலில் புள்ளியின் ஓரம் தெரியாவிட்டால் வுட்ஸ் விளக்கு. இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டால் நிறமிழந்த தோல் நீல வெள்ளையாகப் பளிச்சிடும். சலவைத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டையும் அதைவிட ஜோராகப் பளிச்சிடும். சட்டை நூல் ஒன்றைப் புதுப் புள்ளி என்று நான் குறித்துவைத்த நாளும் உண்டு.

இதெல்லாம் பழகிய பிறகு செய்த தவறுதான் இன்னும் உறுத்துகிறது. தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், முழங்காலில் வெண்புள்ளி. வாரம் இரண்டு மூன்று நாள் 311 நானோமீட்டர் ஒளிச் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். மூன்றாம் மாத ரிப்போர்ட்டில் நான் போட்டது: மாற்றம் இல்லை.

“தம்பி, பொட்டுப் பொட்டா வந்திருக்கே, இதை எங்க கணக்கு வச்சீங்க?” என்று சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். வெள்ளைக்கு நடுவே கடுகு கடுகாகப் பழுப்புப் பொட்டுகள்.

வெண்புள்ளியில் நிறம் திரும்புவதே பெரும்பாலும் அப்படித்தான். நிறமி செல்கள் மயிர்க்காலுக்குள் ஒளிந்திருக்கும். வெளிச்சம் தூண்டிவிட்டால் மேலேறி வந்து சுற்றிலும் பரவும். மயிரில்லாத விரல் நுனியும் உதடும் லேசில் மசியாததற்கு அதுவும் ஒரு காரணம். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வெள்ளை, பழுப்பு என்று மென்பொருளைப் பிரிக்கச் சொல்வதற்கு முன்னால், படம் சுத்தமாக இருக்கட்டும் என்று பொடிப் பிசிறுகளை நீக்கும் ஃபில்டரை ஓட்டுவது என் வழக்கம். பிசிறு என்று அது துடைத்துப் போட்டது அக்காவின் மூன்று மாதப் பலனை.

சரி என்று பழைய படங்களை எல்லாம் ஃபில்டர் இல்லாமல் மறுபடி ஓட்டினேன். நாலு ராத்திரி போனது. இன்னும் மூன்று பேருக்கு ரிப்போர்ட் மாற வேண்டியிருந்தது. இப்போது வெளி ஓரப் பரப்பு ஒன்று, உள்ளே திரும்பிய நிறம் ஒன்று என இரண்டு எண்களைத் தனித்தனியாக எழுதுகிறேன்.

அடுத்த முறை அக்கா தானே எண்ணிக்கொண்டு வந்துவிட்டார். “இருபத்து மூணு, தம்பி.” என் கணக்கில் 19. பந்தயம் கட்டாத குறையாகப் படத்தைப் பெரிதாக்கித் தேடினேன். மீதி நாலும் முட்டி வளைந்து திரும்பும் பக்கத்தில், லைட் எட்டாத இடத்தில் இருந்தன. காலைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தேன்.