ஆர்.வி.க்குள் வாஷிங் மெஷின்: 35 நாள் துவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

வாடகைக்கு எடுத்த ஆர்.வி.யை, அதாவது படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள பயண வண்டியை, நேற்று மாலைதான் திருப்பிக் கொடுத்தோம். 35 நாள், நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா. போன பயணத்தில் எடுத்த ஆர்.வி.யில் இல்லாத ஒரு பொருள் இதில் இருந்தது. பின்பக்கப் படுக்கையை ஒட்டிய அலமாரிக்குள் பொருத்தப்பட்ட வாஷர்-டிரையர். ஒரே டிரம்மில் துவைத்து அதிலேயே காயவும் வைத்துவிடும் காம்போ மெஷின். இந்த ஒன்றுக்காகவே நாள் வாடகை கூடுதலாகக் கொடுத்து இந்த வண்டியைப் பிடித்தோம். செலவு, தண்ணீர், மின்சாரம் என்று ஒழுங்காக எழுதத்தான் ஆசை. ஆனால் போன வருஷத்துக் கதையைச் சொல்லாமல் ஆரம்பிக்க முடியவில்லை.

போன வருஷம் மூன்று வாரப் பயணம். துணியெல்லாம், வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்களின் பொது லாண்டரி அறையில்தான். ஒரு சனிக்கிழமை, மூன்று மெஷின். அதில் ஒன்று பழுது, ஒன்றில் வேறு யாரோ துணி போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்து துவைத்து எடுத்து டிரையரில் போட்டால் அது காசை மட்டும் விழுங்கிவிட்டுக் காற்றைச் சூடாக்கவே இல்லை. இன்னொரு டிரையருக்குச் சில்லறை மாற்ற அலுவலகத்துக்கு ஓடி, திரும்பி வந்து பார்த்தால், எங்கள் ஈரத்துணியை வெளியே எடுத்துத் தூசி படிந்த மேஜையில் குவித்துவிட்டு வேறு ஒருவர் தன் துணியைப் போட்டிருக்கிறார். பிள்ளைகளின் உள்ளாடை உட்பட எல்லாம் அந்த மேஜையில் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அன்று பிள்ளைகள் அருவிக்குப் போய்விட்டு வந்தார்கள், நான் அருவியைப் பார்க்கவே இல்லை. அன்றே முடிவு செய்தேன்: அடுத்த முறை மெஷின் உள்ள வண்டிதான், என்ன செலவானாலும் சரி என்று.

அதனால் இந்த முறை முதல் லோடு போட்டபோது எனக்கிருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! முகாமில் ஃபுல் ஹூக்கப், அதாவது தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் மூன்றும் வண்டி வரைக்கும் உண்டு. காலையில் துணியைப் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு ஐந்து பேரும் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தோம். வந்து பார்த்தால் துவைத்த துணி தயார். யாரிடமும் சில்லறை கேட்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் கேட்டிருந்தால், மெஷின் இல்லாத ஆர்.வி.யை எடுக்கவே எடுக்காதீர்கள் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

ஐந்தாம் நாள் அந்தப் பேச்சு மாறியது.

காட்டுக்குள் ஒரு முகாம். அழகென்றால் அவ்வளவு அழகு, ஆனால் தண்ணீரும் மின்சாரமும் மட்டும்தான், கழிவுநீர்க் குழாய் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் பாத்திரம் கழுவுவது, குளிப்பது, துவைப்பது எல்லாத் தண்ணீரும் வண்டிக்கு அடியில் இருக்கும் கிரே டேங்கில்தான் சேரும். எங்கள் வண்டியில் அது சுமார் 150 லிட்டர். ஐந்து பேர் குளித்து, காலைப் பாத்திரம் கழுவிய பிறகு உள்ளே எவ்வளவு இருக்கும்? டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் சுவர் விளக்குப் பலகை பாதிதான் என்று காட்டியது, அதை நம்பி நான் லோடு போட்டேன். ஒரு லோடுக்கு 45-இலிருந்து 60 லிட்டர் வரை இந்த மெஷின் வெளியேற்றும். டேங்க் நிறைந்துவிட்டது என்பது மெஷினுக்குத் தெரியாது, அதன் பம்ப் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிய தண்ணீர் எங்கே போகும்? வண்டிக்குள் எந்த வடிகால் எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாக மேலே வரும். அதாவது குளிக்கும் இடத்தின் தரையில். பாத்திரம் கழுவிய எண்ணெயும், குளித்த அழுக்கும், சோப்பு நுரையும் ஒன்றாகக் கலந்து பொங்கி வந்தது. பெரியவள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, பாத்ரூம் நிறைஞ்சு வெளிய வருது!" என்று கத்தினாள். மெஷினை நிறுத்தி, கோப்பையால் மொண்டு வாளியில் நிரப்பி, கழிவுநீர் கொட்டும் இடம் வரைக்கும் கணவர் நான்கு நடை நடந்தார். தரைக்குக் கீழே ஈரம் போயிருந்தால் முன்பணத்திலிருந்து பிடிப்பார்களே என்ற கவலையில் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. (பிடிக்கவில்லை, சரியான நேரத்தில் துடைத்துவிட்டோம்.)

அந்த விளக்குப் பலகையை யாரும் நம்பாதீர்கள். டேங்கின் உட்சுவரில் எண்ணெயும் சோப்பும் படிந்தால் சென்சார் தப்பாகத்தான் காட்டும். எத்தனை பேர் குளித்தோம், எத்தனை தடவை கழுவினோம் என்று நாமே கணக்கு வைத்துக்கொள்வதுதான் நல்லது. நான் அதற்குப் பிறகு ஒரு சின்ன நோட்டில் எழுதியே வைத்தேன்.

இன்னொன்று, வாடகைக்கு எடுக்கும்போது எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுடையது வெண்ட் இல்லாத காம்போ. ஈரக் காற்றைச் சுவரில் உள்ள ஓட்டை வழியாக வெளியே தள்ளாமல், உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கி வடிக்கும். அப்படிக் குளிரவைக்க இந்த மெஷின் குழாய்த் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே துணி காயும்போதும் டேங்க் நிறைந்துகொண்டேதான் இருக்கும்! துவைக்க மட்டும்தான் தண்ணீர் செலவு என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி. வெண்ட் உள்ள மெஷினில் இந்தத் தொல்லை இல்லை, சீக்கிரமும் காயும். சொந்த வண்டியில் பொருத்தப் போகிறவர்கள் சுவரில் ஓட்டை போடத் தயங்காமல் வெண்ட் உள்ளதையே வாங்குங்கள்.

காய வைப்பது பற்றி எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. வாஷர் பகுதி அருமை, அதில் குறையே சொல்ல மாட்டேன், பிழிவதும் நன்றாகப் பிழிகிறது. ஆனால் டிரையர்? ஒரே டிரம்தான் என்றாலும், துவைக்கும் அளவுக்குத் துணியை அதனால் காய வைக்க முடியாது, பாதிதான் போட வேண்டும். பாதி போட்டாலும் துவைத்துக் காய்ந்து கையில் கிடைக்க மூன்று மணி நேரம், ஜீன்ஸ் இருந்தால் நான்கு. எடுக்கும்போது சூடாகத்தான் இருக்கும், காய்ந்துவிட்டது என்றே தோன்றும். பத்து நிமிஷம் ஆறவிட்டுத் தொட்டால் ஈரம் தெரியும். அம்மா ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இதுக்கா இவ்வளவு வாடகை? நாலு மணி நேரமா ஓடியும் பிசுபிசுன்னு இருக்கே" என்றார். மறுநாளே என்னிடம் கயிறு வாங்கி வரச் சொல்லி, வண்டியின் பக்கவாட்டுப் பந்தலுக்குக் கீழே கொடி கட்டிவிட்டார். அதற்குப் பிறகு துவைப்பது மெஷினில், காய்வது கொடியில். வெயில் உள்ள நாளில் மெஷினைவிடக் கொடிதான் சீக்கிரம் காய வைத்தது. சில முகாம்களில் வெளியே கொடி கட்ட விடுவதில்லை, முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். வட அமெரிக்க ஆர்.வி.களில் இரண்டு வகை இணைப்பு உண்டு, 30 ஆம்பியர், 50 ஆம்பியர். பெயரைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். ஆனால் 30 ஆம்பியரில் 120 வோல்ட் ஒரே ஒரு லைன், மொத்தம் 3600 வாட். 50 ஆம்பியரில் 120 வோல்ட் லைன் இரண்டு, ஒவ்வொன்றும் 50 ஆம்பியர், மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். எங்கள் வண்டி 30 ஆம்பியர். ஏசி ஓடும்போது ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும், டிரையர் 10-க்கு மேல், அதோடு மின்சாரத்தில் ஓடும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் அது இன்னொரு 12. கூட்டிப் பாருங்கள். பிரேக்கர் விழத்தான் செய்யும், எங்களுக்கு மூன்று தடவை விழுந்தது. அதில் ஒரு தடவை உச்சி வெயிலில் ஏசியும் நின்று, டிரம்முக்குள் துணியும் பாதி ஈரத்தில் நின்று, கதவும் பூட்டிக்கொண்டு திறக்காமல் நாங்கள் பட்ட பாடு! டிரையர் ஓடினால் ஏசி ஓடக் கூடாது என்பது வெயில் காலத்தில் நடக்கிற காரியமா?

ஹூக்கப்பே இல்லாத இடத்தில் பேட்டரியில் ஓட்டலாமே என்று கேட்டார் கணவர். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1280 வாட்-மணிதான் இருக்கும். டிரையர் 1200 வாட்டில் இரண்டு மணி நேரம் ஓடினால் 2400. இரண்டு பேட்டரி கிட்டத்தட்ட முழுதாகக் காலி, ஒரு லோடு துணிக்கு. அப்புறம் விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் என்ன செய்வது? துவைக்க மட்டும் என்றால் பரவாயில்லை, அதுவும் குளிர்ந்த தண்ணீரில்.

மெஷின் வேகமாகச் சுற்றிப் பிழியும்போது வண்டி முழுவதும் ஆடும். மட்டம் பார்த்து, தாங்கு ஜாக்குகளை இறக்கிவிட்டுத்தான் போட வேண்டும். அப்படியும் பின்படுக்கையில் படுத்திருப்பவர் எழுந்துவிடுவார்.

இவ்வளவு திட்டிவிட்டேன். இப்போது பதினெட்டாம் நாள் இரவைச் சொல்கிறேன்.

மூன்று நாளாக விடாத மழை. மலை முகாம், ஃபுல் ஹூக்கப் இருந்தது. லாண்டரி அறை கிடையாது, பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமென்றால் வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டில் ஒரு மணி நேரம். இரவு இரண்டு மணிக்குச் சின்னவன் வாந்தி எடுத்தான். மேல் படுக்கையிலிருந்து. அவன் சட்டை, விரிப்பு, தலையணை உறை, கீழே படுத்திருந்த பெரியவளின் விரிப்பு, அவள் தலைமுடி, எதுவும் மிச்சமில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மாற்று விரிப்பு. போன வருஷத்து வண்டியாக இருந்தால் அந்த நாற்றத்தை ஒரு பையில் கட்டி, விடியும் வரை உள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இந்த முறை நான் அலசிப் பிழிந்து மெஷினில் போட்டேன். கிரே டேங்கின் வடிகால் வால்வைத் திறந்துவிடக் கணவர் மழையில் நனைந்துகொண்டே போனார். அந்த டிரம் சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு மணிக்கு அவன் மறுபடியும் எடுத்தான், மறுபடியும் போட்டேன். குளிர்ந்த ராத்திரி என்பதால் ஏசி தேவைப்படவில்லை, டிரையர் நிற்காமல் ஓடியது. காலை ஒன்பது மணிக்கு இரண்டு பிள்ளைகளும் காய்ந்த, சுத்தமான விரிப்பில் படுத்துத் தூங்கினார்கள். லேசான ஈரம் இருந்ததா என்று அன்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அம்மாவும் டிரையரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஓர் இரவுக்கு விலை போட என்னால் முடியாது. ஆனால் மற்ற 34 நாளுக்குப் போட முடியும், போட்டேன். மொத்தம் 21 லோடு துவைத்தோம், அதில் மெஷினிலேயே காய வைத்தது ஆறு. போன வருஷம் ஒரு லோடுக்குத் துவைக்கவும் காய வைக்கவும் போட்ட சில்லறையை 21-ஆல் பெருக்கினால், இந்த மெஷினுக்காக நாங்கள் கூடுதலாகக் கொடுத்த வாடகையில் பாதிகூட வரவில்லை. இதில் ஃபுல் ஹூக்கப் வேண்டும் என்பதற்காகவே விலை அதிகமான முகாம்களைத் தேடிப் பிடித்ததை நான் சேர்க்கவே இல்லை. 16 இரவு அப்படித் தங்கினோம். மெஷினுக்கு ஒரு செலவு, மெஷினை ஓட்டுவதற்கான இடத்துக்கு இன்னொரு செலவு.

சொந்தமாக வாங்க நினைப்பவர்களுக்கு: காம்போ ஒன்றே ஏறக்குறைய 70 கிலோ. வாஷர் தனி, டிரையர் தனி என்று ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் 100 கிலோவைத் தாண்டும், ஆனால் ஒன்று காயும்போது இன்னொன்று துவைக்கும், காய்வதும் ஒழுங்காகக் காயும். வண்டி எவ்வளவு சுமை தாங்கும் என்று கதவருகே ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உறைபனி விழும் இடத்தில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் பம்ப்பிலும் வால்விலும் தங்கிய தண்ணீர் உறைந்து வெடிக்கும், ஆர்.வி.க்கென்றே விற்கும், உறையாமல் காக்கும் திரவமான ஆன்டிஃபிரீஸை மெஷினுக்குள்ளும் ஓடவிட வேண்டும். சோப்பைப் பாதிக்கும் குறைவாகப் போடுங்கள், நுரை அதிகமானால் அலசவே முடியாது. கிளம்பும் நாளில் கடைசி லோடின் தண்ணீரைக் கிரே டேங்கிலேயே வைத்திருந்து, கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்கைக் காலி செய்த பிறகு திறந்துவிட்டால் அது கழிவுக் குழாயை நன்றாகக் கழுவிவிடும், இது எங்களுக்குப் பக்கத்து வண்டிக்காரர் சொல்லிக் கொடுத்தது.

வருஷம் முழுக்க ஆர்.வி.யிலேயே வாழ்கிறவர்கள், 50 ஆம்பியர் வண்டி வைத்திருப்பவர்கள், ஓரிடத்தில் வாரக்கணக்கில் நிற்பவர்கள் கண்டிப்பாகப் பொருத்திக்கொள்ளுங்கள், வெண்ட் உள்ளதாக. எங்களைப் போல மூன்று நாளைக்கு ஓர் இடம் மாறிக்கொண்டு, ஹூக்கப் இல்லாத காட்டுக்குள் தங்க ஆசைப்படுகிறவர்கள் காம்போவுக்காகக் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டாம்.

அடுத்த வருஷத்துக்கு மெஷின் இல்லாத வண்டிதான் பார்க்கிறோம். அந்த அலமாரி இடம் துணி வைக்கக் கிடைக்கும். மிச்சமாகும் வாடகையில் ஒரு சின்ன ஸ்பின் டிரையர் வாங்கலாம் என்கிறார் கணவர், பிழிய மட்டும் செய்யும், தூக்கி உள்ளே வைத்துவிடலாம். விரிப்பு மட்டும் ஆளுக்கு மூன்று எடுத்துக்கொள்ளப் போகிறேன். அம்மா கொடிக் கயிற்றையும் கிளிப்புகளையும் தன் பெட்டியிலேயே பத்திரமாக எடுத்து வந்துவிட்டார்.