ரங்காமாட்டி ஏரியில் பூ விட்ட காலை

சிட்டகாங்கில் ஆக்சிஜன் முனை என்று ஓரிடம். பெயருக்கும் அங்குள்ள புகைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அங்கிருந்துதான் ரங்காமாட்டிக்குப் பஸ். என் முகத்தைப் பார்த்ததும் நடத்துநர், "அனுமதித் தாள் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டே டிக்கெட் கொடுத்தார். வங்கதேசத்தில் மற்ற இடங்களுக்கு விசா போதும். ரங்காமாட்டி, கக்ராச்சரி, பந்தர்பன் ஆகிய மூன்று மலை மாவட்டங்களுக்கு வெளிநாட்டவர் தனி அனுமதி வாங்க வேண்டும். எனக்கு அது கைக்கு வரப் பதினொரு நாள் ஆயிற்று.

மலை ஏறத் தொடங்கும் இடத்தில் சோதனைச் சாவடி. பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், நாடு எல்லாம் எழுதினேன். என் வங்காளப் பேச்சைக் கேட்ட இளம் சிப்பாய்க்குச் சந்தேகம். "வங்காளியா?" என்றார். "இல்லை, தமிழன். கொல்கத்தாவில் ஏழு வருடம் வேலை பார்த்தேன்" என்றேன். சிரித்தபடி முத்திரை குத்தினார். நான் வந்தது 2018 ஏப்ரலில். அதற்கு 46 வருடங்களுக்கு முன்னால் லார்மா என்ற இந்த மலைக்காரர் ஒருவர் டாக்காவில் அரசியல் நிர்ணய சபையில் இதே "இல்லை"யைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். ஆனால் அவருக்கு முன்னால் ஏரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ரங்காமாட்டியில் சைக்கிள் ரிக்ஷா கிடையாது. டாக்காவில் லட்சக்கணக்கில் ஓடும் வண்டி இந்த மேடு பள்ளத்தில் எடுபடாது. ஊரே தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிறது; பாதி வேலைக்குப் படகுதான். தொங்குபாலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கூட்டமும் ஐஸ்கிரீமும் பிடித்தவர்கள் போகலாம்.

ரிசர்வ் பஜார் துறையில் சக்மா என்ற மலைப் பழங்குடி இனத்து இளைஞர் ஒருவரின் படகை நாள் வாடகைக்குப் பேசினேன். சுவலங் அருவிக்குப் போகும் வழியில், நடு ஏரியில், இன்ஜினை நிறுத்தினார். "தாதா (அண்ணா), எங்கள் ஊர் இதற்குக் கீழேதான்" என்றார். அவர் பார்த்த ஊர் இல்லை, அவருடைய தாத்தாவின் ஊர். கர்ணபுலி ஆற்றின் குறுக்கே காப்தாயில் அணை கட்டி 1962இல் முடித்தார்கள். அப்போது இது கிழக்குப் பாகிஸ்தான். மின்சாரம் சமவெளிக்குப் போனது. மலையில் உழக்கூடிய நிலத்தில் 40 சதவீதம், 54,000 ஏக்கர், நீருக்குள் போனது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். சக்மா அரசரின் பழைய அரண்மனையும் அதோடு மூழ்கிற்று. சுமார் 40,000 சக்மாக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் போய், இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் தங்கினார்கள். அந்த வெளியேற்றத்துக்கு இங்கே "பொர் பொரங்" என்று பெயர், பெரும் இடப்பெயர்வு. ஏரி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்ஜின் நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் கேமராவை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

படகுக்காரர் மறுநாள் என்னைத் தம் மாமா வீட்டுக்கு அழைத்தார். பிஜு பண்டிகை. ஏப்ரல் 12 அதிகாலையில் பெண்களும் பிள்ளைகளும் வாழையிலையில் பூ வைத்து ஏரியில் விடுகிறார்கள். அது பூ பிஜு. மறுநாள் மூல் பிஜு. எந்த வீட்டுக்குள்ளும் அழைப்பில்லாமல் நுழையலாம், "பாஜன்" தருவார்கள். பலாக்காய், மூங்கில் குருத்து என்று கிடைத்த காயெல்லாம் சேர்த்து, கருவாடும் போட்டு ஆக்கிய கூட்டு. ஏழு வீட்டிலாவது சாப்பிட வேண்டுமாம். நம் சித்திரைப் பிறப்பும் இதே நாட்களில்தான். ஆறு ரசமும் ஒரு பச்சடியில் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த என் பாட்டி இந்தப் பாஜனை ஒப்புக்கொண்டிருப்பார், கருவாட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு.

மாமாவைப் பேரப்பிள்ளைகள் "ஆஜு" என்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். கடை வைத்திருக்கிறார். 1977இல், 21 வயதில், அரசை எதிர்த்துப் போராடிய சாந்தி வாகினி என்ற ஆயுதப் படையில் சேர்ந்தவர். இதை நான்காவது வீட்டுப் பாஜனுக்குப் பிறகுதான், அதுவும் அரிசிச் சாராயம் ஒரு குவளை உள்ளே போன பிறகுதான் சொன்னார்.

மலையினரின் தலைவர் மானபேந்திர நாராயண் லார்மா பள்ளி ஆசிரியராக இருந்தவர், வழக்கறிஞர். அணையை எதிர்த்துப் பாகிஸ்தான் காலத்திலேயே சிறை போனவர். புதிய நாடு பிறந்ததும் 1972 பிப்ரவரியில் பிரதமர் ஷேக் முஜிப்பிடம் நான்கு கோரிக்கைகளைக் கொண்டுபோனார்கள்: மலைக்குத் தன்னாட்சியும் தனிச் சட்டமன்றமும், வெள்ளைக்காரன் காலத்தில் மலைக்கென்று போட்ட 1900ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தொடர்வது, மலையின் மூன்று அரசர்களின் பதவிகள் நீடிப்பது, வெளியார் குடியேற்றத்துக்குத் தடை. தனி நாடு கேட்கவில்லை. எல்லாரும் வங்காளிகளாகிவிடுங்கள் என்பதே கிடைத்த பதில் என்று மலையில் வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள்.

அதே ஆண்டு அரசியல் சட்டத்தில் குடிமக்கள் "வங்காளிகள்" என்று அறியப்படுவார்கள் என்ற வாசகம் வந்தது. லார்மா எழுந்தார். தான் சக்மா என்றும், தந்தையோ பாட்டனோ தன்னை வங்காளி என்று சொன்னதில்லை என்றும், ஆனால் வங்கதேசத்தின் குடிமகன்தான் என்றும் பேசிவிட்டு, அக்டோபர் 31 அன்று வெளிநடப்புச் செய்தார். பேசியது வங்காளத்தில்! தாய்மொழிக்காக 1952இல் மாணவர்கள் உயிர்விட்ட நகரம் டாக்கா. உருதுவைத் திணித்ததற்காக எழுந்த மக்கள், இருபது ஆண்டுக்குள் இன்னொருவர் பெயரை மாற்ற முனைந்ததை எண்ணிப் பார்க்க எனக்குக் கசக்கிறது. டாக்கா தரப்புக்கும் ஒரு கோபம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: 1971 போரில் சக்மா அரசர் திரிதிவ் ராய் பாகிஸ்தான் பக்கம் நின்று, அங்கேயே போய்க் குடியேறினார். ஓர் அரசரின் முடிவுக்கு மலை முழுவதும் விலை கொடுத்தது.

1973 ஜனவரியில் லார்மாவின் கட்சியான ஜன சம்ஹதி சமிதியின் ஆயுதப் பிரிவாகச் சாந்தி வாகினி உருவானது. அமைதிப் படை என்று பொருள். லார்மாவின் தம்பி சந்துவின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. 1975இல் முஜிப் கொல்லப்பட்டதும் லார்மா தலைமறைவானார். படையில் பள்ளி ஆசிரியர்கள் நிறைய. "எங்கள் கமாண்டர் எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். காட்டிலும் தப்புச் செய்தால் அதே அடி" என்றார் ஆஜு. பயிற்சியும் புகலிடமும் எல்லைக்கு அப்பால், திரிபுராவில். அதைச் சொல்லும்போது இந்தியனான என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

1979இலிருந்து அரசு சமவெளி ஏழைகளை நிலமும் ரேஷனும் தந்து மலையில் குடியேற்றியது. நான்கு லட்சம் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சாந்தி வாகினி குடியேறிகளைத் தாக்கிற்று. பதிலடி மலைக் கிராமங்களின் மேல் விழுந்தது. 1992 ஏப்ரல் 10 அன்று லோகாங்கில் நடந்த படுகொலை பிஜுவுக்கு இரண்டு நாள் முன்பு. அந்த ஆண்டு பாஜன் கொதிக்கவில்லை என்றார் ஆஜுவின் மனைவி. அதுவரை அவர் பேசவே இல்லை.

லார்மாவைக் கொன்றது ராணுவம் இல்லை. 1983 நவம்பர் 10 அன்று சொந்த இயக்கத்தின் எதிர்ப்பிரிவினர் சுட்டார்கள். நீண்ட போரா, விரைந்த முடிவா என்ற தகராறு: நீண்ட போர்க்காரர்கள் "லம்பா", விரைந்த முடிவுக்காரர்கள் "பாதி" என்று இரு கட்சி. "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன். ஆஜு குவளையைக் கீழே வைத்துவிட்டு, பேத்தியை இன்னும் கொஞ்சம் பாஜன் கொண்டுவரச் சொன்னார்.

1997 டிசம்பர் 2 அன்று சந்து லார்மா அரசுடன் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1998 பிப்ரவரி 10 அன்று கக்ராச்சரி மைதானத்தில் அப்போதைய பிரதமர் ஷேக் ஹசீனாவிடம் துப்பாக்கியை ஒப்படைத்தார். கூட்டத்துக்குள்ளேயே ஒப்பந்தத்தை ஏற்காத மலை இளைஞர்கள் கறுப்புக் கொடி காட்டினார்கள். ஆஜு அன்று வரிசையில் நின்றவர். திரும்பியவர்களின் குடும்பத்துக்கு ஐம்பதாயிரம் டாகா (வங்கதேசப் பணம்) என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. கடை அந்தப் பணத்தில் வந்ததுதான்.

ராணுவத்தின் தற்காலிக முகாம்கள் எல்லாம் போகும், ஆறு நிரந்தரப் பாசறைகள் மட்டும் இருக்கும் என்றும் ஒப்பந்தம் சொன்னது. வரும் வழியில் நான் முகாம்களை எண்ணத் தொடங்கி, எண்ணுவதை விட்டேன். மலை மாவட்ட மன்றங்களுக்கு 1989க்குப் பிறகு தேர்தலே இல்லை. 2011 அரசியல் சட்டத் திருத்தத்தில் மக்கள் மறுபடியும் "வங்காளிகள்" ஆனார்கள், குடியுரிமை மட்டும் "வங்கதேசியர்".

"வீணாகப் போயிற்றா?" என்றேன்.

"கடையை மூடிவிட்டு இரவில் பயமில்லாமல் வீட்டுக்கு வருகிறேன். நிலம் வரவில்லை" என்றார் ஆஜு.

கிளம்பும்போது அவர் மனைவி சிதோல், அதாவது புளிக்கவைத்த மீன், ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வாடை மூக்கில் ஏறியதும் உடனே மூடச் சொல்லிவிட்டார்கள். பதிவேட்டில் வெளியேறும் நேரம் 11.40 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சிட்டகாங் வரை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்.