அணில்பிள்ளைக்குக் கடலையை நிறுத்தினேன்

போன ஆடிக் காற்றில் எங்கள் சேரன்மகாதேவி வீட்டுத் தென்னையிலிருந்து அணில் கூடு ஒன்று விழுந்தது. இரண்டு குஞ்சுகளில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. தாய் வந்து கவ்விக்கொண்டு போகும் என்று அந்தி வரை காத்திருந்தோம். வரவில்லை. ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் ஆட்டுப்பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக் கண் திறக்க வைத்தேன். பால்குடிக் காலம் நல்லபடியாகவே போனது.

தப்பு நடந்தது அப்புறம்தான். பல் நன்றாக வந்ததும் அத்தை நிலக்கடலையை உரித்து உரித்து வைத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்து உருட்டி உருட்டிக் கொறிக்கிற அழகைப் பார்க்கவே நானும் வைத்தேன். கடலை, சூரியகாந்தி விதை, மக்காச்சோளம், கொஞ்சம் வாழைப்பழம். ஒன்றரை மாதம் இதே தீனி. பூனைக்குப் பயந்து கூண்டையும் வெயில் எட்டாத பட்டாசாலையிலேயே வைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் திரைச்சீலையில் ஏறியது பாதியிலேயே பிடி விட்டு விழுந்தது. மறுநாள் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டே நகர்ந்தது, தொட்டால் கீச்சென்று கத்தியது. விழுந்த அடி என்றுதான் நினைத்தேன். திருநெல்வேலியில் கால்நடை மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு, "இது அடி இல்லம்மா, எலும்பு மெலிஞ்சிருக்கு. என்ன தீனி போடுறீங்க?" என்றார்.

சொன்னேன். அவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. அணிலின் சாப்பாட்டில் கால்சியம் இரண்டு பங்கு என்றால் பாஸ்பரஸ் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். நிலக்கடலையில் அது தலைகீழ்: 100 கிராமில் கால்சியம் 90 மில்லிகிராம் அளவுதான், பாஸ்பரஸ் அதைப்போல் நான்கு மடங்கு. இப்படியே தின்றால் ரத்தத்தில் குறைகிற கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவி ஈடுகட்டும். வெயில் படாவிட்டால் வைட்டமின் டி கிடைக்காது, அது இல்லாமல் தின்ற கால்சியமும் சரியாக உடம்பில் சேராது. கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயில் இதற்கு உதவாதாம்.

அவர் எடை போட்டுப் பார்த்து, கால்சியம் சிரப்பைச் சொட்டுக் கணக்கில் எழுதிக் கொடுத்தார். ஏறி விழாமல் இருக்கத் தாழ்வான அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்தேன்.

சிரப் எளிது. கடலையை நிறுத்தியதுதான் பெரும்பாடு. இரண்டு நாள் எதை வைத்தாலும் முகர்ந்துவிட்டு என் விரலிடுக்கில் கடலையைத் தேடியது. அந்தத் தேடலைப் பார்த்துக்கொண்டு கொடுக்காமல் இருக்க மனசு கிடந்து தவித்தது. முட்டை ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, உள்தோலை உரித்து, வாணலியில் ஈரம் போக வறுத்து, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்தேன். விரலில் நெருடக் கூடாது, திருநீறு மாதிரி இருக்க வேண்டும். வேகவைத்த கேழ்வரகு உருண்டையில் அதில் ஒரு சிட்டிகை, மேலே வாசத்துக்குத் துளி தேங்காய்த்துருவல். மூன்றாம் நாள் தேங்காயை நக்கப் போய் உருண்டையையும் தின்றது.

முருங்கைக்கீரையைத் தட்டில் வைத்தால் திரும்பியும் பார்க்காது. ஈர்க்கோடு பெட்டி ஓரத்தில் தொங்கவிட்டேன். இழுத்து விளையாடியபடியே இலை இலையாகத் தின்னத் தொடங்கியது. பசலையை மட்டும் கொடுக்கவில்லை. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் இளவெயிலில் பெட்டியைத் தார்சாவுக்குத் தூக்கி வருவேன். பாதிப் பெட்டிக்குத் துண்டால் நிழல் கொடுத்து, பூனை வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வாரத்தில் தொட்டால் கத்துவது நின்றது. மூன்றாவது வாரம் என் சேலையைப் பிடித்துத் தோள் வரை ஏறியது. இடது பின்னங்கால் மட்டும் லேசாக வளைந்தே நின்றுவிட்டது. அது இனி நிமிராது என்று மருத்துவர் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது புறவாசல் முருங்கையில்தான் பாதி நாள் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடல்நுரை, அதாவது கணவாய் மீனின் ஓடு, அதில் ஒரு துண்டை அடுக்களை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் வந்து கொறிக்கிறது. ஓட்டில் இரட்டைக் கோடாகப் பல் தடம் விழுந்திருக்கிறது, மீசை நுனியில் வெள்ளைத் தூள்.