பத்தாயிரம் அடி வேண்டாம், பால் பூத் வரை போதும்

போன ஜனவரி 1 அன்று "தினம் 10,000 அடி நடப்பேன்" என்று ஆரம்பித்தேன். பொங்கல் வரை தாங்கியது. ஊருக்குப் போய் வந்த அலுப்பு, அலுவலகத்தில் மாதக் கடைசி வேலை, முதலில் இரண்டு நாள் விட்டது, அப்புறம் நாலு நாள், கடைசியில் போனில் 1,900, 2,300 என்று வரும் எண்ணைப் பார்க்கவே மனசு இல்லாமல் ஆப்பையே எடுத்துவிட்டேன்.

இந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடினேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த வருஷம் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. பெயர் மான்போ-கேய், அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விற்பனைக்காக வைத்த பெயர் அது, டாக்டர் யாரும் எழுதிக்கொடுத்த அளவு இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும்படியான நடை போதும்.

மார்ச்சில் மறுபடி தொடங்கினேன், இந்தத் தடவை எண்ணே கிடையாது. ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு பால் பூத் வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். போக வர 12 நிமிடம். மழை என்றால் மொட்டை மாடிப் படிக்கட்டு. "உடம்பைக் குறைக்கணும்" என்பது ஆசை, தட்டைக் கழுவியதும் செருப்பு என்பதுதான் செய்யக்கூடிய வேலை. எப்போது, எதற்கு அடுத்து என்று முடிவாகிவிட்டால் தினமும் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. போன நாளில் எல்லாம் சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைப் பென்சிலால் சுழித்தேன்.

விட்ட நாளும் உண்டு. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைப் பார்த்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆனது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. இதை ஜனவரியிலேயே படித்திருந்தால் அந்த இரண்டு நாளுக்காக எல்லாவற்றையும் விட்டிருக்க மாட்டேன்.

இந்த வருஷத்துக்கு ஒரே மாற்றம். பால் பூத்தைத் தாண்டிப் பிள்ளையார் கோயில் முக்கு வரை, 22 நிமிடம், ஏழு நாளும் போனால் 154. அம்மாவும் வருகிறேன் என்கிறாள். முழங்கால் வலி இருப்பதால் அவளுக்குப் பால் பூத் வரைதான்.